மணிக்கொரு அளவு

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நான் எழுதிய மென்பொருளில் ஒரு விதி இருந்தது. மணிக்கொரு முறை அளவெடுத்துப் பதிய வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஷிப்டை முடிக்க விடாது. பெருமையாகத்தான் எழுதினேன். ஆறு மாதம் கழித்து ஒரு இரவு ஷிப்டில் போய் உட்கார்ந்தேன். முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது, எட்டு மணி நேரத்து அளவுகளையும் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டிருந்தார் சீனியர் இன்ஜினியர். நிஜ அளவுகள் அவருடைய டைரியில் இருந்தன.

"மார்கழியில மெஷின் சூடாகறதுக்கு முன்னாடி வர்ற பீஸெல்லாம் சைஸ் மாறும் தம்பி. அப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு பாப்பேன். சூடேறி நின்னப்புறம் எதுக்கு மணிக்கொரு தடவை?"

லூசி சச்மனின் 'பிளான்ஸ் அண்ட் சிச்சுவேட்டட் ஆக்‌ஷன்ஸ்' (1987) நூலை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த மானுடவியலாளர் அவர். உதவிக் குறிப்புகள் சொல்லும் ஒரு நகல் இயந்திரத்தின் முன் இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, அவர்கள் திணறுவதைப் படம்பிடித்தார். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எந்தக் கதவு திறந்தது என்பது மட்டுமே இயந்திரத்துக்குத் தெரியும். அவர்கள் பேசிக்கொண்ட குழப்பம் அதன் காதில் விழாது. எல்லாம் சரியாகப் போகிறது என்றே நினைத்துக்கொள்ளும். என் மென்பொருளும் அப்படித்தான், எட்டு மாசற்ற எண்களை வாங்கிக்கொண்டு நேர்க்கோடு வரைந்தது. நிர்வாகத்துக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடித்தது.

திட்டமே வேண்டாம் என்று சச்மன் சொல்வதாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள், தப்பு. வேகநீரில் படகு விடுபவரை உதாரணம் காட்டுகிறார். நாம் ஒகேனக்கல் பரிசல்காரரை நினைத்துக்கொள்ளலாம். எந்தப் பாறையைச் சுற்றிப் போவது என்று முன்பே யோசிப்பார். சுழலில் கைதான் முடிவு செய்யும்.

எனக்கு இடறுவது வேறு இடம். அந்த நகல் இயந்திரத்தின் முன் நின்றவர்கள் அதற்குப் புதியவர்கள். பதிவேட்டைக் கேட்டு மேலே யாரும் நிற்கவில்லை. எங்கள் இன்ஜினியரோ மெஷினின் சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்ததைச் சொல்பவர். அவருக்கு உதவிக் குறிப்பு தேவையில்லை, அந்தப் படிவமும் அவருக்கானதில்லை. 1994-ல் வகைப்பாடுகளின் அரசியல் பற்றி எழுதிய கட்டுரையில்தான் சச்மன் இதை நேராகத் தொடுகிறார். ஒவ்வொரு செய்தியையும் கோரிக்கை, வாக்குறுதி என்று வகைப்படுத்தச் சொன்ன 'கோஆர்டினேட்டர்' மென்பொருளை முன்வைத்து, அது ஆட்களை ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி என்கிறார். எனக்கு முதல் நூலைவிட இதுதான் சுட்டது.

விதியை எடுத்துவிட்டு, நேரத்தை அவரே போட்டுக்கொள்ளும்படி மாற்றினேன். இரண்டு வாரம் நிஜ எண்கள் வந்தன. கோடு மேலும் கீழும் குதித்தது. "ஆடிட்ல கஸ்டமர்கிட்ட இதையா காட்டறது?" என்றார் மேனேஜர். விதியைத் திரும்பப் போட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. டைரியை எடுத்து டூல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.