நைட்ரோவின் அடிப்பக்கம்

ஏசர் நைட்ரோ 5 பெயருக்குத்தான் மடிக்கணினி. இரண்டு கிலோவைத் தாண்டும் எடையும் சூடும் சேர்ந்து அதை மேசையிலேயே உட்கார வைத்துவிடும். ஆர்டிஎக்ஸ் 3050 மாடலில் கிராஃபிக்ஸ் நினைவகம் 4 ஜிபிதான். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரைக் குறைத்தே ஆகவேண்டும். வேலரன்ட்டுக்கு அது தாராளம். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 7 மில்லி விநாடிக்கொரு படம் மாறுவதால், ஓடும் எதிரி துண்டுதுண்டாகத் தாவுவதில்லை. நைட்ரோசென்ஸ் பொத்தானை அழுத்தி விசிறியை முழு வேகத்துக்கு ஏற்றினால் மட்டும் வீட்டில் மிக்ஸி ஓடுகிறதோ என்று தோன்றும்.

எனக்குப் பிடித்தது அடிப்பக்கம். ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், கூடுதல் எஸ்எஸ்டிக்கும் இடம். விலை கூடிய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இங்கே 8 ஜிபியில் தொடங்கலாம். காசு சேர்ந்ததும் இன்னொரு 8 போட்டால் ஃபிரேம் எண்ணிக்கையும் கொஞ்சம் ஏறும்.