வழிகாட்டியின் மறுப்பு: காணி மக்களின் மரபறிவும் ஆய்வுலகமும்

பழங்குடி மக்களின் மரபறிவு அறிவியல் ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் எவ்வாறு துணைபுரிந்தது என்பதை விளக்கப் புகும் கட்டுரைகள் பலவும் தென்னிந்தியக் காணி மக்களின் கதையை எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றன. நம் கருத்தரங்குகளிலும் அதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டது. அதில் கூறப்படும் செய்திகள் பெரும்பாலும் சரியானவையே. சொல்லப்படும் முறைதான் ஆராயத்தக்கது. ஒரு புதினத்தைத் திறனாயும்போது கதை யாருடைய கண் வழியாக நகர்கிறது என்று கேட்க நாம் தயங்குவதில்லை. அவ்வினாவை இங்கும் எழுப்பலாம்.

1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு ஒன்று அகத்தியமலைக் காடுகளுக்குள் சென்றது. மலையேற்றத்தில் குழுவினர் களைத்தனர். உடன்வந்த காணியர் சிறு பழங்களை மென்றபடி தளராமல் நடந்தனர். அப்பழத்தை உண்ட ஆய்வாளர்களும் புத்துணர்வு பெற்றனர். அஃது எச்செடியின் பழம் என்று வினவியபோது, வெளியாரிடம் சொல்லலாகாது எனக் காணியர் மறுத்தனர். மீண்டும் மீண்டும் கேட்ட பின்னரே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை, தாவரவியலார் அதனை டிரைக்கோபஸ் சைலானிகஸ் என்பர். கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் இச்செடியோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் பத்து இலட்சம் ரூபாய். விற்பனையில் இரண்டு விழுக்காடு உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டது. 1999இல் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது.

இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. இந்தியாவின் உயிரியற் பன்மைச் சட்டம் 2002இல்தான் வந்தது. எந்தச் சட்டமும் வற்புறுத்தாத காலத்தில் ஓர் ஆய்வு நிறுவனம் தன் வருவாயில் பாதியைப் பகிர முன்வந்தது சிறிய செய்தியன்று.

ஆயினும் கதையில் ஒரே தொடரில் கடந்து செல்லப்படும் அந்த மறுப்பை நோக்குக. அது கதைக்குச் சுவை கூட்டும் தடையாக மட்டுமே இடம்பெறுகிறது. ஆய்வாளரின் விடாமுயற்சியால் தடை நீங்கியவுடன் கதை மேலே செல்கிறது. காணியர் பக்கமிருந்து நோக்கினால் அம்மறுப்பு அவர்தம் அறிவொழுங்கின் ஒரு கூறு. எவர் அறியலாம், எவர் பிறர்க்குச் சொல்லலாம் என்னும் வரையறை அம்மக்களிடம் இருந்தது. மருத்துவ அறிவு பிலாத்தி எனப்படும் குல மருத்துவர்க்கு உரியது. செடியைக் காட்டியவர்களோ குழுவுக்கு வழிகாட்டச் சென்றவர்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என அவர்தம் பெயர்கள் பதிவாகியிருந்தும், மறுகூறல்கள் பலவற்றில் 'காணி வழிகாட்டிகள்' என்றே அவர்கள் சுருங்கிவிடுகின்றனர். தங்கள் அறிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்படுவதைப் பிலாத்திகள் சிலர் 1995இல் எதிர்த்தனர் என்பது வெற்றிக் கதைகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. இசைவு தந்தவர் யார், தர உரியவர் யார் என்னும் வினா பணம் பகிரப்பட்டதனால் தீர்ந்துவிடவில்லை.

காணியர் உண்டது பழம்; மருந்துக்குப் பயன்பட்டது இலை. ஆய்வகம் மரபறிவை மெய்ப்பித்தது என்று நாம் எழுதுகிறோம். உண்மையில் அது மரபறிவைத் துப்பாகக் கொண்டு வேறொன்றைக் கண்டது. இவ்விரண்டும் ஒன்றல்ல. துப்புக் கொடுத்தவர்க்கு அடுத்த கட்டத்தில் வேலையில்லை; ஜீவனியின் கதையிலும் காணியர் அதன்பின் இலை பறிப்பவர்களாகவும் தொகை பெறுபவர்களாகவுமே தோன்றுகின்றனர். அந்த இலையையும் அவர்கள் தடையின்றி விற்க முடியவில்லை, வனத்துறை குறுக்கிட்டது. காட்டுச் சூழலுக்கு வெளியே வளர்த்தால் செடியின் மருத்துவப் பண்பு குன்றுகிறது என்று ஆய்வாளர்களே கூறியிருக்க, அக்காட்டை நன்கறிந்தவர்களை ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு அழைத்திருக்கலாமே என்று எண்ணத் தோன்றுகிறது. இன்னொன்று: காணியர் மலையின் இருபுறமும் வாழ்கின்றனர், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் உள்ளனர். அறக்கட்டளையோ பெயரளவிலேயே கேரளத்துக்கு உரியது. அறிவுக்கு மாநில எல்லை வகுத்தவர் காணியர் அல்லர்.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. அகத்தியமலை என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது பொதிகையும் அகத்தியரும் சித்தர் ஏடுகளும். ஏடேறிய அறிவே அறிவு என்னும் மனப்பாங்கு நம்மிடம் ஆழ வேரூன்றியுள்ளது. இந்திய அரசு 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூல்கள் இடம்பெற்றதைப் பெருமையுடன் பேசுகிறோம். தவறான காப்புரிமைகளைத் தடுப்பதில் அதன் பயன் பெரிது. ஆனால் எழுதப்படாத அறிவுடையோர்க்கு அவ்வரண் இல்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நூல்வழி வந்த மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பயன்பகிர்விலிருந்து விலக்களித்தது. வாய்மொழியாக வந்த அறிவு எப்போதோ ஒரு நூலில் ஏறியிருப்பின், அதற்குரிய மக்களின் உரிமை என்னாகும்? ஏட்டுக்கும் வாய்மொழிக்கும் இடையே நாம் இடும் கோடு இப்போது பணக்கணக்கிலும் வந்து நிற்கிறது.

நம் நாட்டில் நிலை சற்று வேறுபட்டது. சரவாக் பல்லுயிர் மையம் 2001 முதல் பழங்குடிச் சமூகங்கள் தாமே தம் அறிவைப் பதிவுசெய்யப் பயிற்சி அளித்து வருகிறது. 2017இல் இயற்றப்பெற்று 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உயிரியல் வள அணுகல், பயன்பகிர்வுச் சட்டம் முன்னறிந்த இசைவை வேண்டுகிறது. இசைவு வேண்டும் என்றாலே மறுக்கவும் இடமுண்டு என்பது பொருள். அகத்தியமலையில் கேட்டுக்கேட்டு நீக்கப்பட்ட தடைக்கு இங்கு ஒருவாறு சட்டத் தகுதி கிடைத்துள்ளது. நடைமுறையில் அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

இதனைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்வதற்கு எனக்குத் தகுதி குறைவு. இங்கிலாந்தில் முனைவர் பட்டம் பெறுவதற்காகப் பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் களப்பணி செய்தேன். எண்பது வயதைக் கடந்த மருத்துவச்சி ஒருவர் பிள்ளைப்பேற்று மருந்துகளைப் பற்றி மூன்று நாள் சலிக்காமல் சொன்னார். என் ஆய்வேட்டில் அவர் 'தகவலாளர் 7'. ஒரு மருந்தை மட்டும் அவர் சொல்லவில்லை. "அதைக் கேக்காதப்பா, அது என் மருமகளுக்கு" என்றார். பின்னிணைப்பு அட்டவணையில் அம்மருந்துக்கு நேரே நான் எழுதியது: தரவு கிடைக்கவில்லை.