நிழலின் அமானிதம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் விளாங்குடியைக் கடந்தால் பரவை வரும். ஆலைத் தொழிலாளரும் வயல் வேலை செய்வோரும் காய்கறி வணிகரும் கலந்து வாழும் அவ்வூரில், நான் சிறுவனாயிருந்த நாளில் ஒரு சிறு நிழற்பட நிலையம் இருந்தது. ஸ்டுடியோ என்றே அனைவரும் அழைத்தனர். முன்புறம் பத்தடி அகலம். ஒரு மேசை, ஒரு ரசீதுப் புத்தகம். அதன் பின்னே மாடிப்படியும் தூணும் பூந்தொட்டியும் தீட்டப்பெற்ற திரைச்சீலை தொங்கும் கூடம். அதற்கும் பின்னே, எவரும் நுழையக்கூடாத இருட்டறை. இவற்றுள் எதைப் பற்றியும் எழுதுவதன்று என் நோக்கம். கடை வாசலில் சுவரோடு பதித்திருந்த கண்ணாடிப் பெட்டியைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அப்பெட்டியில் தவழும் குழந்தைகள் இருந்தனர். கழுத்தில் மாலையுடன் மணமக்கள் இருந்தனர். பட்டமளிப்பு அங்கி அணிந்த இளைஞர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்று வெளுத்துப் போனார். எங்கள் தெருவின் மாப்பிள்ளைமார் இருவர் துருக்கித் தொப்பியுடன் அமர்ந்திருந்தனர். ஆயினும் எங்கள் வீட்டுப் பெண்களின் படம் ஒன்றேனும் அதில் இடம்பெற்றதில்லை. அவர்கள் படமெடுத்துக் கொள்ளவே இல்லை என எண்ணிவிட வேண்டாம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த கணவருக்கு அனுப்புவதற்கு எடுத்தனர், பாஸ்போர்ட்டுக்காக எடுத்தனர், ஹஜ்ஜுப் பயணத்துக்காக எடுத்தனர். மஃரிபுக்குப் பின், கடையில் ஆள் நடமாட்டம் குறைந்த வேளையில், துணைக்கு ஓர் ஆணும் இரு பெண்களுமாக வருவர். படம் பிடிப்பவர் எடுபிடிப் பையனைத் தேநீர் வாங்க அனுப்பிவிடுவார். மூன்றாம் நாள் படங்களைக் கொடுக்கும்போது உறையிலிட்டு, முகம் கீழ்ப்புறமாக இருக்கும்படி மேசைமீது வைப்பார். அவர் நம் சமயத்தவர் அல்லர். அவ்வாறு செய்யுமாறு அவரிடம் எவரும் சொன்னதாகவும் நான் அறியேன்.

நிழற்படக் கலையைத் திறனாய்வோர் எதைக் காட்டினான் என்பதைக் கொண்டே கலைஞனை அளவிடுகின்றனர். எதைக் காட்டாமல் விட்டான் என்பதையும் அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பது என் வாதம். அக்கண்ணாடிப் பெட்டிதான் நான் கண்ட முதல் கண்காட்சி. அதைத் தொகுத்தவருக்குத் திறமையோடு தீர்ப்பும் இருந்தது.

அவருடைய திறமையையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. கருந்துணிக்குள் தலையை நுழைத்துக் காமிராவின் கண்ணாடியில் தலைகீழாய்த் தெரியும் உருவத்தைச் சரிசெய்வது அவர் வேலையில் ஒரு பங்கே. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ்த் தட்டுகளில் டெவலப்பரும் ஹைப்போவும் காத்திருக்கும். நெகட்டிவ் உலர்ந்தபின் அதைச் சாய்வு மேசையில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மை வடுவையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் புள்ளி புள்ளியாக மறைப்பார். டச்சிங் என்பர் இதை. நெகட்டிவில் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் தோன்றுவதால், கரும்பென்சில் தொட்ட இடமே படத்தில் வெளுக்கும். அளவு மீறினால் அறுபது வயதுக் கிழவி பொம்மையாகிவிடுவாள். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ முத்திரைத் தாள் அந்நாட்களில் இத்தகைய கடைகள்தோறும் புழங்கியது. வேலை முடிந்ததும் நெகட்டிவை உறையிலிட்டு எண் எழுதி அலமாரியில் அடுக்குவார். பணம் கொடுத்தவர் நாம். படமும் நம் கையில். ஆனால் மறுபடியும் மறுபடியும் படம் பிறக்கும் கருவோ அவர் அலமாரியில். இந்த ஏற்பாட்டுக்கு நம் வழக்கில் பொருத்தமான சொல் ஒன்றே உண்டு: அமானிதம்.

இச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று உலகின் பெரிய கலைக்கூடங்களில் சிறு ஸ்டுடியோப் படங்கள் பெற்றிருக்கும் பெருமையை ஆராய்ந்து பார்ப்போம்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் தலைநகரான பமாக்கோவில் 1948இல் ஸ்டுடியோ திறந்தவர் செய்து கெய்த்தா. 1935இல் சிறிய தந்தை வாங்கிவந்து கொடுத்த ஒரு பிரௌனி காமிராவோடு தொடங்கியவர். வீட்டின் படுக்கை விரிப்பே அவருடைய முதல் திரைச்சீலை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரையை மாற்றுவார். எந்தத் திரை என்று பார்த்தே படத்தின் ஆண்டைப் பின்னாளில் கணித்தார். வருவோர் அணிந்துகொள்ளக் கைக்கடிகாரமும் ஐரோப்பிய உடையும் வைத்திருந்தார். தாளின் விலை கருதிப் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் படமெடுப்பார். நம் பரவைக் கடைக்காரர் கேட்டிருந்தால் தம் தொழிலின் அண்ணன் என்று அவரை அழைத்திருப்பார். 1991இல் நியூயார்க்கில் நடைபெற்ற ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சியில் கெய்த்தாவின் படங்கள் இடம்பெற்றபோது, எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்றே எழுதி மாட்டினர். அதன் பிறகே அவரைத் தேடிக் கண்டுபிடித்தனர். 1994இல் பாரிஸில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி. 2001இல் அவர் காலமானபோது உலகப் புகழ் பெற்றிருந்தார்.

எடுத்தவருக்குப் பெயர் கிடைத்தது. எடுக்கப்பட்டவர்களுக்கு? அவருடைய படங்களைப் பற்றி எழுதுவோர் பூப்போட்ட ஆடை பூப்போட்ட திரையோடு ஒன்றிக் கலக்கும் அழகை வியந்து எழுதுகின்றனர். வியப்புக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆடைக்குள் இருந்த தாயை அவள் மகள் எப்பெட்டியில் வைத்துக் காத்தாள் என்று அவர்கள் கேட்பதில்லை. உறையில் வைத்துக் கொடுக்கும் அளவில், 13க்கு 18 சென்டிமீட்டரில், அச்சிடப்பெற்ற படம் அது. வீட்டார் மட்டும் விளக்கருகே பிடித்துப் பார்ப்பதற்கென்று பிறந்தது. அதைப் பன்மடங்கு பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகையில் அதன் அளவோடு அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் மாறிப்போகிறது. திறனாய்வாளர் இதைக் கவனியாது செல்வது பெருங்குறை.

லெபனான் நாட்டின் ஸைதா நகரில் இதனினும் கடினமான ஒரு செய்தி உண்டு. அங்கே 1953இல் ஷஹரஸாத் ஸ்டுடியோவை நிறுவிய ஹாஷிம் அல் மதனீ, மதீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு மார்க்க அறிஞரின் மகன். நகரத்தார் பெரும்பாலோரின் முகங்கள் அவருடைய அலமாரியில் சேர்ந்தன. 1957இல், கணவருக்குத் தெரியாமல் படமெடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் கணவர் சினத்துடன் கடைக்கு வந்து நெகட்டிவைக் கேட்டார். மதனீ தர மறுத்தார். ஏன் மறுத்தார் என்பதை ஸ்டுடியோ வேலை அறிந்தவர்களே உணர்வர். அது சிறு பிலிம் சுருள். ஒரே துண்டில் வேறு குடும்பங்களின் முகங்களும் இருந்தன. ஒருவரின் பொருளைக் கொடுப்பதற்காகப் பிறரின் பொருளை எப்படிக் கொடுப்பது? முடிவில், கணவரின் கண்முன்னே அப்பெண்ணின் உருவத்தை மட்டும் ஊசியால் கீறிக் கொடுத்தார். ஆண்டுகள் சென்றன. அப்பெண் தன்னைத் தானே எரித்துக்கொண்டு மாண்டபின், அதே கணவர் திரும்பி வந்து, அப்படங்களைப் பெரிதாக்கித் தர இயலுமா என்று கேட்டார்.

1997இல் பெய்ரூட்டில் அரபு நிழற்படங்களைக் காக்கும் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான அக்ரம் ஸஅதரீ, மதனீயின் அலமாரி முழுவதையும் ஆராய்ந்து நூலாகவும் கண்காட்சியாகவும் 2015இல் திரைப்படமாகவும் ஆக்கினார். கீறப்பட்ட அந்த நெகட்டிவும் இன்று கலைப்பொருளாகக் காட்சிக்கு வைக்கப்படுகிறது. ஸஅதரீயின் உழைப்பு பெரிது. கடையின் அன்றாட வேலையையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட அவர் பார்வை, கெய்த்தாவைப் போற்றியோரிடம் இல்லாதது. வீட்டுக்குள் ஒரு பெண் பட்ட துன்பத்துக்கு அந்தக் கீறலைவிடச் சான்று வேறு ஏது என்று கேட்போரும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனினும் அப்பெண்ணின் முகத்தின்மேல் முதலில் கணவரின் விருப்பம் கோடு இழுத்தது. பின்னர் கலைஞரின் விருப்பம் அதைச் சுவரில் மாட்டியது. அவள் விருப்பம் என்ன என்பது இரண்டு முறையும் கேட்கப்படவில்லை. நண்பர்களிடம் படமெடுத்துக்கொள்ள வந்தவளைப் போல் ஆசையோடு வந்தமர்ந்த அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே அவள் தானாகத் தேர்ந்தெடுத்தாள்.

நம்மவர் இதை அயல்நாட்டுக் கதையென ஒதுக்கிவிட இயலாது. உருவப்படம் கூடுமா, கூடாதா என்ற வாதம் நம் உலமாக்களிடையே நீண்ட காலம் நடந்தது. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல் முதீஈ, காமிரா எதையும் புதிதாகப் படைப்பதில்லை, கண்ணாடியில் விழும் நிழலைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே என்று வாதிட்டு அனுமதித்தார். நம் தமிழில் அதற்கு நிழற்படம் என்று பெயரிட்டவர் அந்த ஃபத்வாவைப் படித்திருக்க மாட்டார். ஆயினும் சொல் பொருந்தி நிற்கிறது. வாதம் அடங்கி, பாஸ்போர்ட்டும் 1993இல் வந்த வாக்காளர் அடையாள அட்டையும் எல்லோரையும் காமிராவின் முன் அமர்த்திவிட்டன. அப்பொழுதுதான் அடுத்த கேள்வி எழுந்தது: எடுத்த படத்தை யார் பார்ப்பது?

இக்கேள்வி நம் மதுரையிலிருந்தே நீதிமன்றம் ஏறியது. 2006இல் மதுரை மத்தியத் தொகுதி இடைத்தேர்தலையொட்டி, வாக்காளர் பட்டியலில் கோஷாப் பெண்களின் படங்களை அச்சிடுவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டுத் தள்ளுபடியாயிற்று. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் இப்பொருள் விவாதிக்கப்பட்டபோது, முகம் காட்ட விருப்பமில்லாதவர் வாக்களிக்க வரவேண்டாமே என்னும் பொருள்படவே நீதிபதிகள் வினவினர். தேர்தலில் ஆள்மாறாட்டத்தைத் தடுக்க முகம் வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அட்டையில் இருக்கும் படமும் பட்டியலில் இருக்கும் படமும் ஒன்றல்ல. அட்டை உரியவளின் கையில் இருக்கும். பட்டியலோ வாக்குச் சாவடியில் அமரும் பலர் கையில். இந்த வேறுபாட்டை உறையை முகம் கீழாக வைத்த பரவைக் கடைக்காரர் எளிதில் புரிந்துகொண்டிருப்பார்.

தமிழ்நாட்டிலும் பழைய ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களையும் படங்களையும் காக்கும் முயற்சி நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தனர். அதை நான் நன்றியோடு குறிப்பிடுகிறேன். நெகட்டிவில் வெள்ளி இருப்பதால் பழைய சரக்கு வாங்குவோர் எடைக்கு எடுத்துச் செல்வர். கடை மூடும்போது குப்பையில் போனவை எத்தனையோ. அவர்கள் செல்லாதிருந்தால் மிஞ்சியவையும் போயிருக்கும். என் குறை வேறு. பதிவேட்டில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அளவும் இடம்பெறுவது போல, இதில் இருப்பவர் யார், இதைப் பிறர் பார்ப்பதற்கு வீட்டார் இசைந்தனரா என்பதும் இடம்பெற வேண்டும். முகத்தைக் காட்டாமலே திரையையும் நாற்காலியையும் மட்டும் காட்டி ஆராயத்தக்க படங்கள் எத்தனையோ உள.

பரவையின் அந்தக் கடை இப்பொழுது ஜெராக்ஸ் எடுக்கும் இடமாகவும் பத்து நிமிடத்தில் பாஸ்போர்ட் படம் தரும் இடமாகவும் இருக்கிறது. திரைச்சீலை போயிற்று, வெள்ளைச் சுவரும் கணினியும் வந்தன. இருட்டறையை மூடியபோது பழையவர், எண் எழுதிய உறைகளைத் தெருவாரியாகப் பிரித்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். எல்லா வீட்டிலும் வாங்கிக் கொள்ளவில்லை. வாங்கியவர்களிலும் சிலர் என்னவென்று தெரியாமல் எறிந்துவிட்டனர். எங்களுக்கு வந்தவை நான்கு. அவற்றுள் ஒன்று ஹஜ்ஜுக்குப் புறப்படும்முன் என் நன்னி எடுத்துக்கொண்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கருத்த முகமும் வெளுத்த கண்ணுமாய்த் தெரிகிறார். இடக் கன்னத்தில் பென்சில் தொட்ட புள்ளிகள் இன்னும் மின்னுகின்றன. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர், நூலொன்றில் சேர்க்க அப்படத்தைக் கேட்டார். என் தங்கைமார் இருவரையும் கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். மூத்தவள் கொடுக்கலாம் என்கிறாள். இளையவள் இன்னும் பதில் சொல்லவில்லை.