கைவிட்ட நண்பனும் கைவிடப்பட்டோன் விசுவாசமும்: ‘மோட்சப் பிரயாணம்’ பற்றி ஒரு திறனாய்வு

நண்பரால் கைவிடப்பட்ட விசுவாசிக்கு ஆறுதல் கூற முற்படும் போதகர் பலர், ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தை எடுத்தாளுகின்றனர். தோழன் பாதிவழியில் விட்டோடிய பின்னும் பின்வாங்காத கிறிஸ்தியானைச் சுட்டி, அவனைப் போலத் தனித்து நில் என்று அறிவுறுத்துகின்றனர். இவ்வறிவுரை நூலுக்கு நியாயம் செய்கிறதா? கைவிடப்பட்டவருக்கு உண்மையில் உதவுகிறதா? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய விழைகிறோம்.

சட்டத்துக்கு மாறாகப் பிரசங்கித்தார் என்று 1660இல் சிறையிடப்பட்ட பனியன், ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழித்தார். நூலின் முதற்பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, இக்கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். உரைநடையாகவும் காப்பியமாகவும் நம்மிடையே வேரூன்றிய நூலாதலால், அது கைவிடுதலைச் சித்திரிக்கும் முறை நம் பிரசங்கத்தையும் உருவாக்கியுள்ளது.

உளையில் நிகழ்ந்தது

எளிதில் இணங்கும் இயல்புடைய அயலான் ஒருவன் கிறிஸ்தியானுடன் புறப்படுகிறான். அவனை இணங்குநெஞ்சன் என அழைப்போம். போய்ச் சேருமிடத்தில் நமக்குக் கிடைப்பது யாது என்பதே அவன் ஓயாது கேட்கும் கேள்வி. கிறிஸ்தியானும் அழியாத அரசு, மகிமையின் கிரீடம், கண்ணீரற்ற வாழ்வு என அடுக்கிச் சொல்லுகிறான். வழியிலுள்ள இன்னலோ பேச்சில் இடம்பெறவில்லை. பேசிக்கொண்டே செல்லும் இருவரும் நம்பிக்கையிழவு என்னும் உளையில் வீழ்கின்றனர். நீ வருணித்த இன்பம் இதுதானோ எனச் சினந்த இணங்குநெஞ்சன், தன் வீட்டை நோக்கிய கரையில் ஏறிப் போய்விடுகிறான்.

இக்காட்சி மிக நுட்பமானது. முதுகில் சுமையுள்ளவன் கிறிஸ்தியான் மட்டுமே. அவன் பாவ உணர்வினால் உந்தப்பட்டுப் புறப்பட்டான். மற்றவனோ பயனை நாடிப் புறப்பட்டான். எனவே அவனது விலகல் வஞ்சகத்தால் நேர்ந்ததன்று, வேரின்மையால் நேர்ந்தது (மாற். 4:16–17). ஆயினும் சேற்றை மறைத்துக் கிரீடத்தை மட்டும் காட்டியவன் யார் என்ற வினாவும் இங்கு எழாமற்போகாது. கைவிடப்பட்டவன் பேசிய நற்செய்தியும் சோதனைக்குள்ளாகிறது.

கிறிஸ்தியான் தனிவீரனா?

இனி, அவன் தனித்து நின்றான் என்பது எவ்வளவு உண்மை? சுமையின் பாரத்தால் அவனால் உளையிலிருந்து கரையேற இயலவில்லை. உதவி என்னும் பெயருடையோன் வந்து கைகொடுத்தே தூக்கிவிடுகிறான். பின்னர் உண்மையுள்ளவன் என்னும் பயணியை ஓட்டத்தில் முந்திவிட்டதற்காக வீண்பெருமையோடு புன்னகைத்து இடறி விழும்போது, அவன் வந்து தூக்கும்வரை எழ முடிவதில்லை. சந்தேகக் கோட்டையில் உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று மயங்குகையில், நம்பிக்கையுள்ளவன் என்னும் தோழனே அவனைத் தடுத்துத் தேற்றுகிறான். கடைசி ஆற்றில் அமிழும்போதும் அத்தோழனே அவன் தலையை நீருக்குமேல் தாங்குகிறான்.

அவன் மெய்யாகவே தனித்து நடக்கும் இடங்களும் உண்டு. அவற்றுள் மரண நிழலின் பள்ளத்தாக்கு முதன்மையானது. அங்கே இருளில் முன்னே செல்லும் ஒருவன் 23ஆம் சங்கீதத்தின் மொழிகளை உரைப்பது கேட்கிறது. முகம் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை. ஆயினும் தேவனுக்கு அஞ்சுவோர் பிறரும் இப்பள்ளத்தாக்கில் உளர் என்றும், அவர்களோடிருக்கும் தேவன் தன்னோடும் இருப்பார் என்றும் அவன் தேறுகிறான். ஆகவே கைவிடப்பட்டோனுக்கு இந்நூல் வழங்கும் ஆறுதல் அவனுடைய மனவுறுதியைப் பற்றியதன்று. தேவன் வேறொரு கையையோ குரலையோ அனுப்புகிறார் என்பதே அதன் சாட்சி. தனித்து நில் என்று மட்டும் போதிப்பவர் நூலின் பாதியையே வாசித்தவராவார்.

பனியன் சாத்திய கதவு

எனினும் ஓரிடத்தில் பனியனோடு நாம் உடன்பட இயலவில்லை. இணங்குநெஞ்சன் என்னவானான் என்று கிறிஸ்தியான் பின்னொருநாள் உண்மையுள்ளவனிடம் விசாரிக்கிறான். திரும்பியவனை ஊரார் எள்ளி நகையாடுகின்றனர் என்றும், அவனுக்கு வேலை கொடுப்பாரும் அரிது என்றும் விடை வருகிறது. உண்மையுள்ளவன் அவனைத் தெருவில் ஒருமுறை கண்டானாம். தன் செயலுக்கு நாணியவன்போல் அவன் மறுபக்கம் ஒதுங்கிப் போனமையால், இவனும் அவனோடு பேசவில்லையாம். கிறிஸ்தியானோ 2 பேதுரு 2:22இன் பழமொழியை அவன்மீது பொருத்தி, நகரத்தின் அழிவில் அவனும் அழிவானென அஞ்சுகிறான். பேச்சு அத்துடன் வேறு பொருளுக்குத் திரும்புகிறது.

நாணம் மனந்திரும்புதலின் வாசலாயிருக்கக் கூடும். அவ்வாசலருகே உண்மையுள்ளவன் என்ற பெயர் தாங்கியவனே வாய்திறவாது கடந்து போகிறான். நூலாசிரியர் அதில் குறையேதும் காணவில்லை. உபத்திரவக் காலத்தில் பின்வாங்குதலின் கேட்டை உணர்ந்தவர் இவ்வாறு கடுமையாக எழுதியது புரிந்துகொள்ளத்தக்கதே. நமக்கு இதுவே முன்மாதிரியாக இருத்தலாகாது.

பவுலின் கடைசி மொழிகள்

2 தீமோத்தேயு 4:9–18 இதற்கு எதிரே நிற்கிறது. இந்நிருபத்தின் ஆக்கியோன் பற்றிய விவாதம் வாசகர் அறிந்ததே. நிருபம் முழுவதும் பவுலுடையதென ஏற்காத பி. என். ஹாரிசனும், 1921இல் வெளியிட்ட ஆய்வில் இங்குள்ள தனிப்பட்ட குறிப்புகளைப் பவுலின் துணுக்குகளாகவே கொண்டார்.

இப்பகுதி விலகியோர் அனைவரையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. தேமா இவ்வுலகத்தின்மேல் ஆசைவைத்துப் பிரிந்தான் என்று ஒளிவின்றிக் கூறப்படுகிறது. கிரெஸ்கேயும் தீத்துவும் போனார்கள் என்பதன்றி அவர்கள்மேல் பழியில்லை. தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைக் குறித்து எச்சரிக்கை உண்டு. தீர்ப்போ கர்த்தரிடம் விடப்படுகிறது. முதல் விசாரணையில் துணைநில்லாது போனவர்களுக்காக, அக்குற்றம் அவர்கள்மேல் சுமராதிருக்கும்படி வேண்டப்படுகிறது. அவ்வேண்டுதலை அடுத்தே, கர்த்தர் தமக்குத் துணைநின்றார் என்னும் சாட்சி எழுகிறது. மன்னிப்பும் விசுவாசமும் இங்கு அருகருகே நிற்கின்றன.

இவற்றினிடையே மாற்குவை அழைத்துவா என்ற சொல்லும் வருகிறது (4:11). பம்பிலியாவில் விட்டுத் திரும்பியவன் அவனே (அப். 13:13). அவனை முன்னிட்டே பவுலும் பர்னபாவும் பிரிந்தனர் (அப். 15:37–39). திரும்பிப்போனவனோடு பர்னபா பேசினான்; தன்னோடு கூட்டிக்கொண்டும் போனான். ஒருவன் அவ்வாறு பேசியிராவிடில், சிறையிலிருந்த அப்போஸ்தலனுக்கு அழைப்பதற்கு ஒரு மாற்கு இருந்திருப்பானா?

பனியனும் இத்திசையில் நகர்ந்தார் என்றே கருதுகிறோம். 1672 முதல் பெட்ஃபோர்டு சபையின் போதகராயிருந்த அவர், இரண்டாம் பாகத்தில் கூட்டமாய்ச் செல்லும் பயணிகளைக் காட்டுகிறார். அங்கே மனத்தளர்வுள்ளவனும், ஊன்றுகோலால் நடக்கும் முடவனும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். வழிகாட்டி பலவீனருக்காகக் காத்து நடக்கிறான். முதற்பாகத்தில் காணாத இப்பொறுமை, ஆண்டுக்கணக்கில் மந்தையை மேய்த்தவரின் பொறுமையாயிருக்கலாம். ஆயினும் இணங்குநெஞ்சன் அக்கூட்டத்தில் மீண்டும் சேரக் காண்பதில்லை.

நண்பர் விலகியதால் நம்மிடம் வரும் விசுவாசிக்கு, அத்துயரம் பொய்யென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரும் துணைநிற்கவில்லை என்று அப்போஸ்தலனும் மனம்விட்டுச் சொன்னான். ஆனால் விட்டுப்போனோரைச் சபிப்பதால் விசுவாசம் காக்கப்படுவதில்லை. விட்டுப்போனவனும் நம் சபை எல்லைக்குள்ளேயே எங்கோ வாழ்கிறான். நம்மைக் கண்டதும் அவன் தெருவின் மறுபக்கம் ஒதுங்கலாம். அப்பொழுது தெருவைக் கடந்து அவனிடம் செல்லுவது போதகரின் ஊழியம்.