இரண்டு சரம் காசு

நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலில் நான் அடிக்கடி போய் நிற்கிற இடம், 1077இல் சீனம் போன தூது. 72 பேர். யானைத்தந்தம், காண்டாமிருகக் கொம்பு, கண்ணாடிப் பொருட்களுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக்காசு. சாஸ்திரி டாலரில் ஒரு மதிப்புச் சொல்லிவிட்டு நகர்கிறார். மதிப்பு தெரிந்துவிட்டது, எடை?

சதுர ஓட்டையில் கயிறு கோத்த 1,000 காசு ஒரு சரம். காசு மூன்றரை கிராம்னு வைத்தாலும் மொத்தம் 280 டன்னுக்கு மேல். அவ்வளவும் கப்பலேறியதா, அங்கேயே பட்டும் பீங்கானுமாக மாறியதா? நூல் இதைக் கேட்கவில்லை.

எங்கள் காரைக்காலிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம்: மன்னார்குடிப் பக்கம் தளிக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒலயகுன்னம், விக்ரமம். மண்ணிலிருந்து கிடைத்த சீனக்காசுகள் முறையே 1,822, 323, 20. கூட்டினால் 2,165. ரெண்டு சரம், கொஞ்சம் சில்லறை.

நம்ம மேடைகள் பிடித்துக்கொள்வது முதல் எண்ணை. அது அரசவை எழுதிவைத்த கணக்கு. எனக்கு இரண்டாவதுதான் கனக்கிறது. யாரோ சேர்த்து, புதைத்து, திரும்பி வந்து எடுக்க முடியாமல் போன காசு அது. அந்த ஆளுக்கும் நம் வரலாற்றில் ஒரு பக்கம் வேண்டும்.