அண்ணாச்சியின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நடவு முடிந்து, வடக்கேயிருந்து உள்ளான்கள் வந்திறங்கும் பருவத்தில், அவற்றை முறையாகச் சுடத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அந்த நாளிலேயே சிலர்தாம். அந்தச் சிலருள்ளும், தாம் சுடும் துப்பாக்கியை, வைணிகர் தம் வீணையின் மேளக்கட்டை அறிந்திருப்பதுபோல அறிந்திருந்தவர் அண்ணாச்சி ஒருவரே. சென்ற மாதம் அவர் காலமானார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவருடைய முகத்துக்கும் முன்னதாக அந்த 12 போர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்தான் மனத்தில் வந்து நிற்கிறது. இதை அவர் அவமரியாதையாகக் கருதமாட்டார் என்பது எனக்கு நிச்சயம்.

அது டிராப்லாக். 1812-ல் பர்மிங்காமில் தோன்றிய அந்தப் பட்டறையில் ஆன்ஸனும் டீலியும் சேர்ந்து 1875-ல் அளித்த பாக்ஸ்லாக்கை உலகத்துத் துப்பாக்கிக் கம்மியர்கள் எல்லாரும் எடுத்தாண்டார்கள். ஆனால் அதே டீலி, லெஸ்லி டெய்லருடன் கூடி 1897-ல் காப்புரிமை பெற்ற டிராப்லாக்கே அந்த யோசனையின் பரிபூரண வடிவம் என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம். என்னுடைய சித்தாந்தமும் அதுவே. குழல்களைக் கழற்றி, அடித்தகட்டை விலக்கி, விரல்களால் பற்றி இழுத்தால், குதிரையும் சியரும் பெரிய ஸ்பிரிங்கும் தன்னகத்தே கொண்ட லாக் அப்படியே முழுமையாகக் கைக்கு வந்துவிடுகிறது. திருப்புளியின் ஸ்பரிசமே அதற்குத் தேவையில்லை; ஆகவே நூறாண்டு கழிந்த பின்பும் ஒரு திருகாணியின் தலைகூடச் சிதைவதில்லை. ஐப்பசி அடைமழையில் நாள் முழுதும் நனைந்து வந்த துப்பாக்கிக்கு இதைக் காட்டிலும் பெரிய வரப்பிரசாதம் எதைச் சொல்வது? தொலைதேசங்களுக்குச் செல்லும் வேட்டைக்காரர்களுக்கென்று, பெட்டியிலேயே உபரியாக ஒரு ஜோடி லாக் வைத்து அனுப்பும் வழக்கமும் அந்தப் பட்டறைக்கு இருந்தது.

அண்ணாச்சி லாக்கைக் கழற்றும்போது அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை விளங்கும். வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை மேஜைமேல் விரித்து, இடத்து லாக்கை இடப்புறமும் வலத்து லாக்கை வலப்புறமும் வைத்து, ரங்கூன் எண்ணெயை இறகின் நுனியால் ஒரே ஒரு சொட்டு தொட்டு வைப்பார். அதற்கு மேல் வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். லாக்கின் உட்புறத் தகடு, உரியவர் கழற்றிப் பார்த்தாலன்றி எவர் கண்ணுக்கும் படாத தகடு, முகம் பார்க்கும்படி மெருகிடப்பட்டிருந்தது. “காணாத இடத்துல இவ்வளவு வேல செஞ்சிருக்கான் பாத்தியா தம்பி!” என்று ஒவ்வொரு முறையும், முதல் முறை கண்டவரைப்போலவே சொல்வார்.

சைட்லாக் பக்தர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 1880-ல் பீஸ்லி அளித்த அமைப்பைக் கொண்டு இன்றளவும் செய்யப்படும் பர்டியின் சௌந்தர்யத்தையும், ஹாலந்தின் ராயல் வரிசையையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். விசையின் இழுப்பு அதில்தான் மென்மை என்பார்கள். தவறுதலாகக் குதிரை விழுந்தாலும் தடுத்து நிறுத்தும் இரண்டாவது சியர் அதில்தான் இயல்பாக அமைகிறது என்பார்கள். சித்திர வேலைக்குப் பக்கத்தகடு தரும் விசாலமான இடத்தையும் சொல்வார்கள். இவை யாவும் வாஸ்தவம். ஆயினும், அந்தத் தகடுகளைப் பொருத்துவதற்காகக் கட்டையின் தலைப்பகுதியில், பலம் வேண்டிய அந்த இடத்திலேயே, மரத்தைக் குடைந்தெடுக்க வேண்டியிருக்கிறது; நம் நாட்டுச் சீதோஷ்ணத்தில் மரம் ஊறுவதும் காய்வதுமாக இருக்கையில் அங்கே கீறல் விழுந்த எத்தனையோ நல்ல துப்பாக்கிகளை நான் கண்டிருக்கிறேன். ஹாலந்துக்காரர்களே 1908-ல் கையால் கழற்றும் சைட்லாக்கைக் கொண்டுவந்தார்கள் என்பதை அண்ணாச்சி நிதானமாக நினைவூட்டுவார்; அதற்குமேல் வாதிக்கமாட்டார். மேல்கீழாகக் குழல் அமைந்த துப்பாக்கியைப் பற்றியோ அவர் பேச்சே எடுப்பதில்லை. இரண்டு குழல்கள் பக்கம் பக்கமாகக் கிடக்க, நடுவில் ஓடும் முதுகுப்பட்டியின் வழியே பறவையைக் காண்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம்.

அந்த உலகத்தின் தர்மத்தை உள்ளான் வேட்டையில்தான் முழுமையாகக் காணலாம். முழங்கால் சேற்றில் வரப்போரமாக நடந்துகொண்டிருக்கையில், காலடியிலிருந்து கீச்சென்று கிளம்பி, இடமும் வலமும் முறித்து முறித்துப் பறக்கும் பறவையின்மேல், கிளம்பிய கணத்திலேயே எட்டாம் நம்பர் ரவையை இறைப்பவர்கள் பலர். அண்ணாச்சி பொறுத்திருப்பார். “அவசரப்படாத தம்பி, அது ஆட்டத்த முடிச்சி நேரா போகட்டும்” என்பார். சோக் குறைந்த வலக்குழலே அவருக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. விழுந்த பறவையைத் தேடிக் கையில் எடுக்காமல் அடுத்ததற்குத் தோட்டா போடமாட்டார். தரையில் உட்கார்ந்திருக்கும் பறவையை ஒருநாளும் சுட்டதில்லை. பையில் எத்தனை சேர்ந்தன என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அப்போதும் சிறு வேட்டைக்கு உரிமம் பெறும் வழி சட்டத்தில் இருந்தது; 1991-ல் செய்த திருத்தத்தில்தான் அந்த வழியும் அடைபட்டது. அண்ணாச்சி அதுவரை காத்திருக்கவில்லை. குளங்களில் தாராவும் வயல்களில் உள்ளானும் குறைந்துவருவதைத் தம் கண்ணாலேயே கண்டவராதலால், முதற்சட்டம் வந்த வருஷமே வேட்டையை விட்டுவிட்டார். துப்பாக்கியை விடவில்லை. ஆயுத பூஜைக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் பல முறை, லாக்குகள் வெளியே வரும். எண்ணெய் கண்டு திரும்பப் போகும். சுடாத துப்பாக்கியை அரை நூற்றாண்டு அப்படிப் பேணியதுதான் அவருடைய ரசனையின் உச்சம் என்று நான் சொல்வேன். உபயோகம் போன பின்பும் மங்காத சிரத்தையே ரசனைக்கு அத்தாட்சி.

இன்று நடப்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. பழைய துப்பாக்கி கைக்கு வந்தவுடன் முதற்காரியமாக அதற்கு நிக்கல் பூச்சு ஏற்றுகிறார்கள். டமாஸ்கஸ் குழலின் நெளிவரிகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடுகிறார்கள். இரண்டரை அங்குல அறையுள்ள குழலில் நீண்ட நவீனத் தோட்டாவைத் திணித்துச் சுடுகிறார்கள்; குழலின் அடியில் பொறித்த பரிசோதனை முத்திரையைப் படித்தால் இந்தப் பாவம் நேராது. தேர்தல்தோறும் ஒப்படைக்கும் துப்பாக்கிகளின் கதியும் அதுதான். ஒரு முறை அண்ணாச்சியின் துப்பாக்கி ஓதம் ஏறிய அறையில் வாரக்கணக்கில் கிடந்து, குழலின் வாயில் துருப்புள்ளியோடு திரும்பி வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

உரிமதாரர் இறந்தவுடன் துப்பாக்கியை ஒப்படைத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே, அந்த வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் இப்போது ஒரு வியாபாரியின் இரும்புப் பெட்டியில், மகனுடைய உரிமத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. உரிமதாரருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்ற 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. நல்ல துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அந்த விண்ணப்பத்தை இந்த வருஷமே எழுதிவிடுங்கள், எழுதிய கையோடு, லாக்கைக் கழற்றித் துடைக்கும் விதத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்கிவையுங்கள்.