வேட்டைக்காரன் சொல்லாத கதை

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். திறந்து பாருங்கள். தைலம், தெர்மாமீட்டர், பாதி இருமல் மருந்து எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் நாலு மிச்சம். போன தடவை தொண்டை வலிக்கு வாங்கியது. மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. சரிதானே?

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அட்டை இருந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு புத்தகம்.

பெயர், ‘மைக்ரோப் ஹன்டர்ஸ்’. கிருமி வேட்டைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எழுதியவர் பால் டி க்ரைஃப் என்கிற அமெரிக்கர். வெளிவந்தது 1926-ல். டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் அறியாத பி.காம். மாணவனாக, நடைபாதைக் கடையில் வாங்கி ஒரே ராத்திரியில் படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படி விழித்ததில்லை!

என்ன ஒரு கதைசொல்லி! டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக், தானே லென்ஸைத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர்ச் சொட்டில் ஓர் உலகத்தைக் கண்டுபிடிக்கிறார். வேகவைத்த உருளைக்கிழங்கில் கலர் கலராகப் பூத்த புள்ளிகளைப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஜாதிக் கிருமியின் குடும்பம் என்று ராபர்ட் காக் பிடித்துவிடுகிறார். டி க்ரைஃப் தாமே கிருமி ஆராய்ச்சியாளர். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தவர். மருத்துவத் துறையைக் கிண்டலடித்துப் பெயர் போடாமல் எழுதி, மாட்டிக்கொண்டு, 1922-ல் வேலையை இழந்தவர். அந்தக் குறும்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. விஞ்ஞானிகளைச் சிலையாக வைக்காமல், பொறாமை, கோபம், அவசரம் உள்ள மனுஷர்களாகக் காட்டுகிறார்.

சமீபத்தில் மறுபடி படித்தேன். சுவாரசியம் குறையவில்லை. ஆனால், மூன்று இடத்தில் உதைத்தது.

முதலாவது, பாஸ்டர். 1881-ல் பூய்யி-லெ-ஃபோர் என்ற ஊரில் ஊரைக் கூட்டி ஆட்டுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டார். ஊசி போட்ட ஆடுகள் பிழைத்தன, போடாதவை செத்தன. டி க்ரைஃப் கையில் அது சினிமா க்ளைமாக்ஸ். ஆனால் பாஸ்டரின் சொந்த நோட்டுப் புத்தகங்கள் பல வருஷம் கழித்து வெளியே வந்தன. அவற்றைப் படித்த ஜெரால்ட் கீசன், 1995-ல் ஒரு புத்தகமே போட்டார். பாஸ்டர் வெளியே சொன்ன முறை வேறு. அன்றைக்கு ஆடுகளுக்குப் போட்ட ஊசியோ, அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் ரசாயனம் கலந்து செய்தது. இது டி க்ரைஃபுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மன்னித்துவிடலாம்.

இரண்டாவது, ஆப்பிரிக்கா வரும் இடங்களில் எட்டிப் பார்க்கும் வெள்ளைக்காரத் திமிர். அந்தக் காலம் அப்படி என்று நாம் பக்கத்தைத் திருப்பலாம். முகம் சுளிக்காமல் திருப்ப முடியாது.

மூன்றாவதுதான் பெரிசு. தலைப்பிலேயே இருக்கிறது. வேட்டைக்காரனின் வீரம் முழுக்கச் சொல்கிற புத்தகம், வேட்டையாடப்படும் கிருமி எப்படிப் பிழைப்பு நடத்துகிறது என்பதைப் போகிற போக்கில்தான் சொல்கிறது. கிருமி என்றால் வில்லன். வில்லனுக்கு ஏது வாழ்க்கை?

இருக்கிறது சார். நிறையவே இருக்கிறது.

முதலில் சாப்பாடு. ராத்திரி அரைத்து வைக்கிற இட்லி மாவு காலையில் பொங்குகிறதே, யார் வேலை? அதில் முக்கியமான ஆள், லியூகோநாஸ்டாக் என்கிற பாக்டீரியா. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, மாவு உப்புகிறது. லாக்டிக் அமிலத்தை விடுகிறது, மாவு புளிக்கிறது. அதன் கழிவு, நமக்கு டிபன். கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு நம்மோடு சண்டையே கிடையாது. தின்கின்றன, பெருகுகின்றன. அவ்வளவுதான்.

அடுத்து, பெருக்கம். இது என் சப்ஜெக்ட். கூட்டு வட்டி! நம் குடலில் இருக்கும் ஈ.கோலை, சௌகரியம் கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒன்றே ஒன்றில் தொடங்கினால் ஏழு மணி நேரத்தில் 20,97,152. எந்த சிட்ஃபண்டும் கொடுக்காத வட்டி. இப்படியே ஒரு நாள் முழுக்கப் போனால், நாலுக்குப் பின்னால் 21 பூஜ்யம் போட வேண்டும். ஆனால் போகாது. புதுசாகக் கடை போட்டவன் மாதிரி முதலில் கொஞ்ச நேரம் மந்தம். பிறகு கிடுகிடு வளர்ச்சி. சரக்கு தீர்ந்து, கழிவு சேர்ந்ததும் தேக்கம். கடைசியில் திவால். எல்லாக் கம்பெனிக்கும் உள்ள ஜாதகம்தான்.

மூன்றாவது, பரம்பரை. இங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது.

1928, லண்டன். க்ரிஃபித் என்பவர் நிமோனியா பாக்டீரியாவில் இரண்டு ரகம் வைத்திருந்தார். மேலே உறை போட்ட ரகம் எலியைக் கொல்லும். உறை இல்லாதது பரம சாது. கொலைகார ரகத்தைச் சூட்டில் கொன்று ஊசி போட்டார். எலி பிழைத்தது. செத்த கொலைகாரனையும் உயிருள்ள சாதுவையும் கலந்து போட்டார். எலி காலி! அதன் ரத்தத்தில், உறை போட்ட கிருமிகள் உயிரோடு இருந்தன. செத்தவன் விட்டுப்போன கத்தியைச் சாது எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கத்தி எது என்று 1944-ல் ஏவரி குழுவினர் காட்டினார்கள். டி.என்.ஏ. எங்கே வைத்து? டி க்ரைஃபை வெளியே அனுப்பிய அதே ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்டில்!

1946-ல் லெடர்பெர்கும் டேட்டமும், பாக்டீரியாக்கள் உயிரோடிருக்கும்போதே மரபணுவைக் கைமாற்றிக்கொள்வதைக் கண்டார்கள். 1950-களின் கடைசியில் ஜப்பானியர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். பல மருந்துகளுக்கும் அசராத சக்தி, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மொத்தமாக ஒரே பார்சலில் போகிறது.

இப்போது எங்கள் வீட்டு அட்டைக்கு வருவோம்.

இரண்டு வருஷம் முன்பு அம்மாவுக்கு சிறுநீரகத் தொற்று. விடாத ஜுரம். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. இடது பக்கம் மருந்துகளின் பெயர், எதிரே ‘எஸ்’ அல்லது ‘ஆர்’. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குச் சாகும். ஆர் என்றால் சட்டை பண்ணாது. பேலன்ஸ் ஷீட் பார்க்கிற பழக்கத்தில் எண்ணினேன். பதினெட்டு மருந்து. பதினைந்து ஆர்.

“அம்மா இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் நிறைய எடுத்திருக்காங்களா சார்?” என்றார் டாக்டரம்மா.

“அப்படியெல்லாம் இல்லை டாக்டர். சளி, ஜுரம்னா நானே கடையில வாங்கிக் கொடுப்பேன். ரெண்டு நாள், மூணு நாள்...”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி எழுதினார். ஒன்பது நாள், தினமும். அம்மா தேறி வந்தாள். என் அட்டைதான் காரணம் என்று எந்த லேபும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நான் சொல்லிக்கொள்ள முடியாது.

சளிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. தொடுவது, உடம்பிலுள்ள மற்ற பாக்டீரியாக்களை. அதில் சாகிறவை சாக, அசராதவை மிஞ்சும். காலியான இடத்தில் கூட்டு வட்டி ஆரம்பிக்கும். அசராத சக்தி பார்சலாகப் பக்கத்து ஆளுக்கும் போகும். 2019-ல் மட்டும், மருந்துக்கு அசராத பாக்டீரியாக்களால் உலகில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

டி க்ரைஃபின் புத்தகம் பால் எர்லிக்கோடு முடிகிறது. நோயை மட்டும் தேடிக் கொல்லும் மாயத் தோட்டா! இத்தனைக்கும் 1907-லேயே எர்லிக்கின் ஆய்வுக்கூடத்தில் மருந்துக்கு அசராத கிருமிகள் தலைகாட்டிவிட்டன. ஆனால் புத்தகத்தை மூடும்போது நம் மனசில் நிற்பது தோட்டாதான். அந்த மயக்கத்தில்தான் நாம் மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் போய் நிற்கிறோம்.

1945-ல் நோபல் பரிசு வாங்கியபோது ஃப்ளெமிங் ஒரு குட்டிக் கதை சொன்னார். ஒருத்தருக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு பென்சிலின் வேலை செய்யவில்லை. இறந்துபோகிறாள். கொன்றது யார் என்று கேட்டார் ஃப்ளெமிங்.

கிருமியை அடக்க வீரம் தேவையில்லை. சோப்பு, கொதிக்கிற தண்ணீர், சூடு. ஆஸ்பத்திரிக் கத்தியை 121 டிகிரி நீராவியில் 15 நிமிஷம் வைக்கிறார்களே, அந்த ஆட்டோகிளேவைச் செய்தவர் முன்னே சொன்ன அதே ஷாம்பர்லான். பெரிய குக்கர்தான் அது. குக்கருக்கு யார் சார் விசில் அடிப்பார்கள்? ஆனால் காப்பாற்றுவது அதுதான்.

‘மைக்ரோப் ஹன்டர்ஸ்’ கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கும் கொடுங்கள். விஞ்ஞானத்தின் மேல் ஆசை வரவைக்க அதைவிட நல்ல புத்தகம் அபூர்வம். கூடவே ஒன்று சொல்லிவையுங்கள்: இது பாதிக் கதை.

போன வாரம் எனக்குத் தொண்டை கட்டியது. கை தன்னால் ஃப்ரிட்ஜ் மேலே போனது. டப்பாவில் தைலமும் தெர்மாமீட்டரும்தான் இருந்தன.

“அதையெல்லாம் அப்பவே எடுத்துட்டேன்டா. உப்புத் தண்ணி கொப்புளி” என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.